மூடிய நெடுஞ்சாலையின் கணக்கு

2019 ஏப்ரல் 3ஆம் தேதி ஜம்மு காஷ்மீர் உள்துறையிலிருந்து ஓர் உத்தரவு வெளியானது. மாநிலத்தில் அப்போது சட்டமன்றம் இல்லை. குடியரசுத் தலைவர் ஆட்சியின் கீழ் ஆளுநர் சத்யபால் மாலிக்கின் நிர்வாகம் நடந்துகொண்டிருந்தது. பாராமுல்லாவில் தொடங்கி ஸ்ரீநகர், காசிகுண்ட், பனிஹால், ராம்பன் வழியாக உதம்பூர் வரை போகும் சுமார் 270 கிலோமீட்டர் தேசிய நெடுஞ்சாலையில், ஞாயிறும் புதனும் காலை 4 மணி முதல் மாலை 5 மணி வரை பொதுமக்களின் வாகனங்கள் ஓடக் கூடாது. ஏப்ரல் 7 முதல் மே 31 வரை இதுதான் ஏற்பாடு. மக்களவைத் தேர்தல் பாதுகாப்புக்காகப் படைகள் பெருமளவில் இடம்பெயர்கின்றன, அவர்களுடைய கான்வாய்களுக்குச் சாலை காலியாக இருக்க வேண்டும் என்பது அரசு சொன்ன காரணம்.

நாள்காட்டியை வைத்து எண்ணினால் அந்த இடைவெளியில் எட்டு ஞாயிறு, எட்டு புதன். நாளுக்கு 13 மணி நேரம் என்றால் மொத்தம் 208 மணி நேரம். உத்தரவுக்குப் பரிந்து பேசியவர்கள் வேறு கணக்கு சொன்னார்கள்: வாரத்துக்கு 168 மணி நேரம், அதில் மூடியிருப்பது 26, அதாவது ஏறத்தாழ 15 விழுக்காடுதான். இந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் மனிதர்கள் மணிக்கணக்கைச் சராசரி போட்டு வாழ்வதில்லை. ஆஸ்பத்திரியின் புறநோயாளிப் பிரிவு, பள்ளிக்கூடம், வங்கி, மண்டி, நீதிமன்றம் எல்லாம் பகலில் இயங்குபவை. பகலை மட்டும் எடுத்துக்கொண்டால் வாரத்தில் ஏழுக்கு இரண்டு நாள் முழுமையாகப் பறிபோகிறது. 28 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மிச்சமிருக்கும் இரவிலோ ராம்பன் பக்கத்து மலைச்சரிவுகளில் வண்டி ஓட்டுவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை.

பெரிய பொது நிகழ்ச்சிகளுக்காக நெடுஞ்சாலையை மூடுவது காஷ்மீரில் மட்டும் நடப்பதல்ல. தேர்தல், மாநாடு, ஒலிம்பிக், அயல்நாட்டுத் தலைவரின் வருகை என்று காரணங்கள் மாறும், பேரிகேட் ஒன்றுதான். எங்கே நடந்தாலும் பின்னால் ஒரே வாக்கியம் வந்துவிடும்: அசம்பாவிதம் ஏதும் இல்லை, ஏற்பாடு வெற்றி. இந்த வாக்கியத்தை மெய்ப்பிக்கவும் முடியாது, பொய்ப்பிக்கவும் முடியாது. சாலை திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ஆராய்வதற்கு நம் கையில் மிஞ்சுவது உத்தரவும் அது நடைமுறைக்கு வந்த விதமும்தான். அவற்றைப் பார்த்தால் எனக்குப் புலப்படுவது இது: சாலை மூடல் ஆபத்தை ஒழிப்பதில்லை, வேறு நேரத்துக்கும் வேறு இடத்துக்கும் வேறு ஆட்களிடமும் தள்ளிவிடுகிறது. தள்ளிவிட்ட பங்கை உத்தரவு போடுபவர்கள் எழுதி வைப்பதே இல்லை.

புல்வாமாவுக்கு முன் ஒரு வாரம்

ஏப்ரல் உத்தரவுக்குக் காரணமான நிகழ்ச்சி எல்லாருக்கும் தெரிந்தது. 2019 பிப்ரவரி 14 பிற்பகல், புல்வாமா மாவட்டம் லேத்போரா அருகே மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் கான்வாயில் சென்ற பேருந்தின் மேல் வெடிமருந்து ஏற்றிய கார் ஒன்று மோதியது. 40 வீரர்கள் இறந்தார்கள். அவர்களில் இருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். ஜெய்ஷ்-இ-முகமது அமைப்பு பொறுப்பேற்றது.

அவ்வளவாகப் பேசப்படாதது அந்தக் கான்வாயின் அளவு. 78 வாகனங்கள், 2,500க்கும் மேற்பட்ட வீரர்கள். வழக்கமாக ஒரு கான்வாயில் போகிறவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர். அன்று இரண்டு மடங்குக்கு மேல் ஆனதற்குக் காரணம், பனிப்பொழிவாலும் நிலச்சரிவாலும் நெடுஞ்சாலை அதற்கு முந்தைய நாட்களில் மூடிக் கிடந்தது. விடுப்பு முடிந்து திரும்பிய வீரர்கள் ஜம்முவில் தேங்கினார்கள். சாலை திறந்ததும் தேங்கியவர்கள் எல்லாரும் ஒன்றாகக் கிளம்பினார்கள்.

அந்த நாட்களுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தேசியப் புலனாய்வு முகமை 2020 ஆகஸ்டில் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகைப்படி, தாக்குதலுக்கு முதலில் குறித்த நாள் பிப்ரவரி 6. பனியால் நெடுஞ்சாலை மூடியதால் தள்ளிவைத்தார்கள். மூடிய சாலை அந்தக் காரை எட்டு நாள் காக்க வைத்தது. அதே எட்டு நாளில் எதிரே வர வேண்டிய இலக்கைப் பெரிதாக்கியும் கொடுத்தது.

இங்கே சாலையை மூடியது வானிலை, அரசு அல்ல. ஆனால் பாடம் இரண்டுக்கும் ஒன்றுதான். மூடல் எதையும் கரைத்துவிடாது, தேக்கி வைக்கும். தேங்கியது திறக்கும் நேரத்தில் மொத்தமாக வெளியே வரும். ஞாயிறு, புதன் என்று கிழமையும் நேரமும் அச்சடித்து அறிவித்துவிட்டு அந்த இரண்டு நாளிலேயே படை வண்டிகள் எல்லாம் கிளம்பும் என்றால், கான்வாய் எப்போது வரும் என்று யாரும் உளவு பார்க்க வேண்டியதில்லை. செய்தித்தாள் படித்தாலே போதும்.

அரசுத் தரப்பின் அச்சத்தைக் கற்பனை என்று ஒதுக்கவும் முடியாது. ஒவ்வொரு காலையும் கான்வாய் கிளம்பும் முன் சாலைத் திறப்புக் குழு என்று வீரர்கள் கால்நடையாகப் போய்ச் சாலையோரத்தைச் சோதிப்பார்கள். கல்வெர்ட்டுக்கு அடியிலும் மண்மேட்டிலும் புதைத்து வைத்திருக்கும் குண்டைக் கண்டுபிடிப்பதற்கான முறை அது. லேத்போராவில் வந்தது புதைத்த குண்டு அல்ல. பக்கத்துச் சந்திலிருந்து சாலைக்கு ஏறிய கார். நகரும் குண்டை நடந்து போய்த் தேட முடியாது. அதற்கு முன் கான்வாய் போகும்போதே தனியார் வண்டிகளும் கூடவே ஓடிக்கொண்டிருந்தன. தாக்குதலுக்கு மறுநாளே ஸ்ரீநகரில், பெரிய கான்வாய்கள் போகும்போது பொதுப் போக்குவரத்தைச் சற்று நேரம் நிறுத்தப்போவதாக உள்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் அறிவித்தார். மார்ச் 30ஆம் தேதி பனிஹால் அருகே படை வாகனங்கள் கடந்துகொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் மீண்டும் ஒரு கார் வெடித்தது, உயிர்ச்சேதம் இல்லை. நான்கு நாள் கழித்து ஏப்ரல் 3ஆம் தேதி உத்தரவு.

ராஜ்நாத் சிங் சொன்னது கான்வாய் கடக்கும் நேரத்துக்கு மட்டும் நிறுத்துவதை. உத்தரவில் வந்தது நாள் முழுக்க, சாலை முழுக்க. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தில்தான் இந்தக் கட்டுரையின் கேள்வியே இருக்கிறது.

குறிப்பிட்ட ஓர் இடத்தைக் கான்வாய் கடக்கச் சில நிமிடங்கள் போதும். நீளமான கான்வாய் என்றால் அரை மணி. அந்த இடத்தைப் பொறுத்தவரை மீதி 12 மணி நேர மூடல் யாருக்கும் பயன்படவில்லை. கான்வாய் வரும் துண்டை மட்டும் மூடி, போனதும் திறந்துவிடும் முறை உலகெங்கும் வழக்கத்தில் உள்ளது. சென்னையில் முக்கியப் பிரமுகர் போகும்போது சிக்னலில் நாம் நிற்பதும் அந்த வகைதான். அதிலும் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. துண்டு துண்டாக மூடினால் நிறுத்தப்பட்ட வண்டிகள் அங்கேயே வரிசை கட்டி நிற்கும். கான்வாய் அந்த வரிசையை உரசிக்கொண்டு போகும். கார் குண்டுக்குப் பயப்படும் தளபதிக்கு அந்த வரிசையே கொடுங்கனவு. முழு மூடல் அவரைத் தூங்க விடுகிறது. அந்தத் தூக்கத்தின் விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

உள்ளங்கையில் எழுதிய அனுமதி

2019இல் காஷ்மீர் பள்ளத்தாக்குக்கும் நாட்டின் பிற பகுதிக்கும் எல்லாப் பருவத்திலும் திறந்திருக்கக்கூடிய தரைவழி அது ஒன்றுதான். பூஞ்ச் பக்கமிருந்து வரும் முகலாயர் சாலையும் லடாக் பக்கத்துச் சோஜிலா கணவாயும் குளிர்காலத்தில் பனி மூடிவிடும். ரயில் பள்ளத்தாக்கிலிருந்து பனிஹால் வரை வந்து நின்றுவிடும். பள்ளத்தாக்குக்குள்ளும் பாராமுல்லா, ஸ்ரீநகர், அவந்திபோரா, அனந்த்நாக் எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு போவது இதே சாலை. பக்கத்து ஊரில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் இதில் ஏறியாக வேண்டும், அல்லது குறுக்கே கடந்தாக வேண்டும்.

விதிவிலக்குகள் இருந்தன. ஆம்புலன்ஸ், நோயாளிகள், பள்ளிப் பேருந்துகள், பணிக்குப் போகும் அரசு ஊழியர்கள், தேர்வெழுதப் போகும் மாணவர்கள், சுற்றுலாப் பயணிகள் என்று பட்டியல் நாளுக்கு நாள் நீண்டது. மாவட்ட நிர்வாகம் அனுமதி தரும். சாலையில் நிர்வாக நீதிபதிகள் நிற்பார்கள். கல்யாண வீட்டார் மாப்பிள்ளையை அழைத்துப் போக எழுத்து அனுமதிக்கு அலுவலகப் படியேறினார்கள். எத்தனை வண்டி, எத்தனை பேர் என்பது சீட்டில் எழுதப்பட்டது. அனந்த்நாக் பக்கம் ஒருவருக்கு அனுமதியை உள்ளங்கையிலேயே எழுதி முத்திரை வைத்து அனுப்பிய படம் வெளியானபோது அப்போது முன்னாள் முதல்வராக இருந்த உமர் அப்துல்லா கொதித்துப்போய்க் கண்டித்தார். எழுதிய அதிகாரியிடம் அந்த நேரத்தில் தாள் இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் மனித உடம்பில் முத்திரை குத்துவது எந்த நினைவுகளை எழுப்பும் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் அவர் பேனாவை மூடியிருப்பார்.

விதிவிலக்குப் பட்டியல் நீளமாக இருந்தால் உத்தரவு மனிதத்தன்மை உள்ளது என்று தோன்றும். உண்மையில் அது வேறொன்றைக் காட்டுகிறது. இத்தனை பேர் போகலாம் என்றால், ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திச் சோதித்து அனுப்பும் ஆள்பலம் இருக்கிறது என்று பொருள். அது இருக்கிறது என்றால் முழு மூடலின் தேவை பாதி தளர்ந்துவிடுகிறது. ஆள்பலம் இல்லை என்றால் விதிவிலக்கு வெறும் தாள்.

பேரிகேட் அருகே நிற்கும் காவலரின் நிலையிலிருந்து பார்த்தால் இது தெளிவாகும். சந்தேகத்துக்கிடமான வண்டியை அவர் விட்டுவிட்டு ஏதாவது நடந்தால் வேலை போகும், சிறைக்கும் போகலாம். விட வேண்டிய வண்டியை நிறுத்தி வைத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எந்தப் பக்கம் தவறினால் தண்டனை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அவர் எப்போதும் மூடிய பக்கமே சாய்வார். 2009 நவம்பரில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் சண்டிகரில் முதுகலை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்த அன்று, பாதுகாப்பு வளையத்தைத் தாண்டி உள்ளே போக முடியாமல் அலைந்த சிறுநீரக நோயாளி ஒருவர் இறந்துபோனார். பிரதமர் வருத்தம் தெரிவித்தார். 2021 ஜூனில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் கான்பூர் வந்தபோது நிறுத்தப்பட்ட போக்குவரத்தில் ஒரு பெண்மணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கார் சிக்கியது, அவர் பிழைக்கவில்லை. காவல் ஆணையர் மன்னிப்புக் கேட்டார், சில காவலர்கள் தற்காலிகப் பணிநீக்கம் ஆனார்கள். இரண்டு இடத்திலும் நோயாளிக்கு வழிவிடக் கூடாது என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். எழுதாமலேயே நடந்தது. மூடச் சொன்னவர்கள் மேலே இருந்தார்கள். தண்டனை கீழே நின்றவர்களுக்கு.

இந்த இருவரின் மரணமும் செய்தியானதற்கு ஒரு காரணம், பெரிய நகரம், பெரிய பதவியில் இருப்பவரின் வருகை. டயாலிசிஸ் தள்ளிப்போனது, பிரசவம் வழியில் ஆனது, கூலி ஒருநாள் போனது, லாரியில் காய்கறி வாடியது போன்றவை எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை. பந்தோபஸ்துக்கு எத்தனை கம்பெனி படை, எத்தனை டீசல் என்று கணக்கு உண்டு. காத்திருந்தவர்களின் மணி நேரத்துக்குக் கணக்குத் தலைப்பே கிடையாது.

காஷ்மீரில் எதிர்ப்பு வலுத்தது. தேசிய மாநாட்டுக் கட்சி, மக்கள் ஜனநாயகக் கட்சி இரண்டும் தெருவில் இறங்கின; உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் குவிந்தன. முதலில் ஸ்ரீநகர்–பாராமுல்லா பகுதியில் தளர்த்தினார்கள், பிறகு வாரத்தில் இரண்டு நாள் ஒரு நாளானது, மே முடிவதற்குள் மூடலே போய்விட்டது. 208 மணி நேரமும் அவசியம் என்று ஏப்ரலில் தோன்றிய அதே நிர்வாகத்துக்கு மே மாதத்தில் தோன்றவில்லை. தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே தளர்த்த முடிந்தது என்றால், தொடக்கத்தில் கேட்டது தேவைக்கு மேற்பட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். நேர்மாறாகவும் ஒருவர் வாதிடலாம்: முதல் வாரங்களின் இறுக்கம்தான் பிந்தைய தளர்வுக்கு இடம் கொடுத்தது என்று. மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை, நிறுவ அவர்களிடமும் இல்லை.

பாஸ்டனின் காலிச் சாலைகள்

அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் இதே கேள்வி வேறு உருவில் வந்தது. 2004 ஜூலை 26 முதல் 29 வரை ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு பாஸ்டன் நகரில் ஃப்ளீட்சென்டர் அரங்கில் நடந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு நடந்த முதல் பெருங்கட்சி மாநாடு. அரங்கமோ வடக்கு ரயில் நிலையத்தின் தலைமேல் கட்டப்பட்டது. ஐ-93 என்னும் விரைவுச்சாலை அதை ஒட்டியே போகிறது. நாளொன்றுக்கு இரண்டு லட்சம் வண்டிகளை நெருங்கும் சாலை அது.

1998இல் அதிபர் கிளின்டன் வகுத்த ஏற்பாட்டின்படி, தேசியச் சிறப்புப் பாதுகாப்பு நிகழ்ச்சி என்று அறிவித்துவிட்டால் பாதுகாப்புத் திட்டத்தை வகுக்கும் பொறுப்பு சீக்ரெட் சர்வீஸிடம் போய்விடும். அவர்கள் ரயில் நிலையத்தை மூடினார்கள். நான்கு நாளும் மாலை 4 மணியை ஒட்டி ஐ-93 உட்பட ஏறத்தாழ 40 மைல் நீளச் சாலைகளை மூடினார்கள். நகரம் அப்போதுதான் பல நூறு கோடி டாலர் கொட்டி அந்தச் சாலையைச் சுரங்கத்துக்குள் இறக்கியிருந்தது.

காரணம் தூரம். 1995 ஏப்ரலில் ஓக்லஹோமா நகரில் ஒரு லாரி அரசுக் கட்டடத்தை ஒட்டி நிறுத்தி வெடிக்கப்பட்டு 168 பேர் இறந்தார்கள். வெடிப்பின் அழுத்தம் தூரம் கூடக்கூட மிக வேகமாகச் சரியும். கட்டடத்துக்கும் லாரிக்கும் நடுவே சில நூறு அடி கூடினாலே சுவர் நிற்கும். அரங்கத்தை நகர்த்த முடியாது, ஆகவே லாரியை நகர்த்த வேண்டும். காஷ்மீர் மூடலைவிட இந்தத் தர்க்கம் எனக்கு உறுதியாகப் படுகிறது. காக்க வேண்டிய இடம் ஒன்று, நேரம் தெரிந்தது, தூரத்தை அளந்து சொல்லலாம்.

நகரவாசிகளுக்கு மாதங்களுக்கு முன்பே தெரிவித்தார்கள். காஷ்மீரிகளுக்குக் கிடைத்தது நான்கு நாள். பெரும் நெரிசல் வரும் என்று பயமுறுத்திய பத்திரிகைகளுக்கு ஏமாற்றம்: வண்டிகளே இல்லை. ஆட்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட்டார்கள், அல்லது வீட்டில் இருந்துகொண்டார்கள். அதிகாரிகள் அதை வெற்றி என்றார்கள். நகர மையத்துச் சிற்றுண்டிக்கடைக்காரர்களும் உணவகக்காரர்களும் காலி மேசைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாநாடு வந்தால் வியாபாரம் கொழிக்கும் என்றுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. நெரிசல் வராததற்குச் செலவு செய்தது இவர்கள். எச்சரிக்கை எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவுக்குக் கடை காலி.

பாஸ்டனில் நான்கு நாளில் எல்லாம் திறந்துவிட்டது. அமெரிக்காவிலேயே திறக்காமல் போன சாலையும் உண்டு. ஓக்லஹோமா குண்டுவெடிப்புக்கு அடுத்த மாதம், 1995 மே 20 அன்று, வெள்ளை மாளிகைக்கு முன்னால் பென்சில்வேனியா அவென்யூவில் வாகனங்களை நிறுத்தினார்கள். முப்பது ஆண்டுகள் கடந்தும் அங்கே பொது வாகனம் ஓடுவதில்லை. மரம் வைத்து, தரை பாவி, நடைவெளியாகவே மாற்றிவிட்டார்கள். திறக்கும் தேதி எழுதாத மூடல் இப்படித்தான் நிலப்படத்தில் போய் உட்காரும்.

ஒரு மாதம் என்ற எல்லை

இந்தியச் சட்டத்தில் தேதி பற்றிய அக்கறை அங்கங்கே இருக்கிறது. அரசமைப்பின் 19ஆவது பிரிவு நாட்டுக்குள் எங்கும் தடையின்றிச் செல்லும் உரிமையைத் தருகிறது. பொதுநலன் கருதி நியாயமான கட்டுப்பாடு விதிக்க அரசுக்கும் இடம் தருகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, பொதுப் பாதுகாப்புக்காக ஒரு சாலையில் வாகனங்களைத் தடுக்க மாநில அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. தடை ஒரு மாதத்துக்கு மேல் நீளாது என்றால் அரசிதழில் அறிவிப்பு வர வேண்டியதில்லை, உள்ளூரில் தெரியப்படுத்தினால் போதும். அதைத் தாண்டினால் அரசிதழ். சிறிய வேறுபாடுதான். ஆனால் நீண்ட மூடலுக்குக் கூடுதல் சடங்கு வேண்டும் என்று சட்டம் எழுதியவருக்குத் தோன்றியிருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆவது பிரிவும், 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்தின் 163ஆவது பிரிவும் உத்தரவின் ஆயுளை இரண்டு மாதத்தோடு கட்டுகின்றன. அதற்குமேல் நீட்டிக்க மாநில அரசு தனியாக ஆணையிட வேண்டும்.

எழுத்தில் இருக்கும் இந்த எல்லைகள் பேரிகேட்டின் கான்கிரீட்டுக்கு எட்டுவதில்லை. 2024 பிப்ரவரியில் விவசாயிகளின் டெல்லிப் பயணத்தைத் தடுக்க ஹரியானா அரசு ஷம்பு எல்லையில் நெடுஞ்சாலையை அடைத்தது. ஜூலையில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் ஒரு வாரத்தில் திறக்கச் சொன்னது. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நெடுஞ்சாலையை ஒரு மாநில அரசே எப்படி மூடலாம் என்று நீதிபதிகள் கேட்டார்கள். சாலை திறந்தது 2025 மார்ச்சில், அதுவும் பஞ்சாப் போலீஸ் போராட்டக்காரர்களை அகற்றிய பிறகு. ஓராண்டுக்கு மேல். பொதுப் பாதையை ஆர்ப்பாட்டக்காரர்கள் காலவரம்பின்றி மறிக்கக் கூடாது என்று ஷாஹீன் பாக் வழக்கில் 2020இல் சொன்ன நீதிமன்றம், அரசின் மறியலுக்கும் அதே முழக்கோலை அதே வேகத்தில் எடுக்கவில்லை என்பது என் எண்ணம்.

ஆட்களை எப்படி ஏற்றிப்போவது

மூடலைச் சுருக்க எளிய வழி, காக்க வேண்டியவர்களைச் சாலைக்குக் கொண்டுவராமல் இருப்பது. புல்வாமா நடந்து ஒரு வாரத்தில், 2019 பிப்ரவரி 21 அன்று, உள்துறை அமைச்சகம் துணை ராணுவப் படைகளின் எல்லா நிலை வீரர்களும் டெல்லி–ஸ்ரீநகர், ஜம்மு–ஸ்ரீநகர் தடங்களில் விமானத்தில் போகலாம் என்று அனுமதித்தது. அதுவரை அந்தச் சலுகை இல்லாத கான்ஸ்டபிள், தலைமைக் கான்ஸ்டபிள், உதவி சப்-இன்ஸ்பெக்டர் நிலையில் இருந்த ஏறத்தாழ 7.8 லட்சம் பேருக்குப் பயன் என்றது அறிவிப்பு. அதாவது சாலையில் போனவர்கள் பதவியில் சிறியவர்கள். அப்போது ஆளுநராக இருந்த மாலிக் 2023இல் ஒரு பேட்டியில், விமானம் கேட்டு மத்திய ரிசர்வ் போலீஸ் படை விண்ணப்பித்ததாகவும் உள்துறை மறுத்ததாகவும், பக்கச் சாலைகள் காவலின்றி இருந்ததாகவும் குற்றம் சாட்டினார். பதவியில் இருக்கும்போது ஏன் சொல்லவில்லை என்று அமித் ஷா திருப்பிக் கேட்டார். மாலிக்கின் சொல்லை எவ்வளவு நம்புவது என்பது வேறு விஷயம். அவருடைய நிர்வாகம்தான் ஏப்ரலில் நெடுஞ்சாலையையே மூடியது என்பதையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டு அனுபவமும் இதில் உதவும். 2019 அக்டோபர் 11, 12இல் மாமல்லபுரத்தில் மோடியும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தபோது, மோடி சென்னை விமான நிலையத்திலிருந்து ஹெலிகாப்டரில் திருவிடந்தைக்குப் போய் இறங்கினார். ஷி கிண்டி ஹோட்டலிலிருந்து காரில் போனார். ஒருவருக்காக வானம், இன்னொருவருக்காக ராஜீவ் காந்தி சாலையும் கிழக்குக் கடற்கரைச் சாலையும். ராஜீவ் காந்தி சாலை என்னும் பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் ஐ.டி. அலுவலகங்கள் பல ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டன. அந்தச் சாலையில் தினமும் நிற்பவர்களுக்கு அது விடுமுறை மாதிரிதான் இருந்திருக்கும். கையேந்தி பவன்காரருக்கு அப்படி இருந்திருக்காது.

ஹெலிகாப்டரும் எப்போதும் கைகொடுக்காது. 2022 ஜனவரி 5 அன்று பதிண்டாவிலிருந்து ஹுசைனிவாலாவுக்குப் பறக்க வேண்டிய பிரதமர், வானிலையால் காரில் கிளம்பினார். ஃபிரோஸ்பூர் அருகே மேம்பாலத்தில் விவசாயிகளின் மறியலால் 15, 20 நிமிடம் அவருடைய கான்வாய் நின்றது. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி இந்து மல்ஹோத்ரா குழு, போதிய படை இருந்தும் மாவட்டக் காவல் தலைமை கடமையில் தவறியதாகச் சொன்னது. பந்தோபஸ்து உலகில் இந்த நிகழ்ச்சியின் விளைவு ஊகிக்கக்கூடியதே: அடுத்த முறை எந்த மாவட்டக் கண்காணிப்பாளரும் ஒரு மணி நேரம் போதும் என்று எழுத மாட்டார்.

எதிர்த்திசையில் நடந்ததற்கும் எடுத்துக்காட்டு உண்டு. 2021 அக்டோபர் 1 அன்று சிவாஜி கணேசன் மணிமண்டப நிகழ்ச்சிக்கு முதல்வர் ஸ்டாலின் சென்றபோது நிறுத்தப்பட்ட போக்குவரத்தில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் காரும் மாட்டிக்கொண்டது. அவர் உள்துறைச் செயலரை அழைத்துக் கேட்டார். சில நாளில் முதல்வரின் கான்வாய் 12 வண்டியிலிருந்து 6 ஆனது, அவருக்காகப் பொதுமக்களை நிறுத்த வேண்டாம் என்று முடிவானது. நின்றவர் நீதிபதியாக இல்லாமல் ஆட்டோக்காரராக இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் பாதி வண்டியோடு முதல்வர் போகலாம் என்று தெரிந்தது அப்போதுதான்.

காஷ்மீருக்குத் திரும்பினால், ஏப்ரல் மூடல் நீங்கிச் சுமார் ஒரு மாதத்தில் அடுத்த நிகழ்ச்சி வந்தது. 2019 ஜூலை 1 அன்று அமர்நாத் யாத்திரை தொடங்கியது. 2017 ஜூலை 10 இரவு அனந்த்நாகில் யாத்ரிகர் பேருந்து சுடப்பட்ட நினைவு இருந்தது. கான்வாயோடு சேராமல், சாலைக் காவல் விலக்கப்பட்ட பிறகு தனியாக ஓடிய பேருந்து அது; பாதுகாப்புக்கு நேரம் வகுத்தபோது, அந்த நேரத்துக்கு வெளியே விழுந்தவர்கள்தான் இலக்கானார்கள். இந்த முறை யாத்ரிகர் வண்டிகள் போவதற்காகக் காசிகுண்டுக்கும் நாஷ்ரிக்கும் இடையே காலை 10 முதல் பிற்பகல் 3 வரை உள்ளூர் வாகனங்களை நிறுத்தினார்கள். 13 மணி நேரம் ஐந்து மணி நேரமானது என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் இது வாரத்தின் எல்லா நாளும். சாலைக்குப் பதில் ரயிலில் போகலாமே என்றால், பனிஹாலுக்கும் காசிகுண்டுக்கும் நடுவே ரயிலையும் அதே ஐந்து மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். மலைக்கு அடியில் 11 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் ஓடும் ரயில் அது. ஆகஸ்ட் 2 அன்று யாத்திரையையே பாதியில் நிறுத்தி எல்லாரையும் ஊர் திரும்பச் சொன்னார்கள். மூன்று நாள் கழித்து 370ஆவது பிரிவு நீக்கப்பட்டபோது, நெடுஞ்சாலை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்கப் பள்ளத்தாக்கில் தொலைபேசியும் இல்லை.